கீழ்ப்பாக்கத்திலிருந்து நம்ம ஊர்த் திண்ணை வரை: மனசுக்கு வைத்தியம் வந்த கதை



இந்த மலரில் சேமிப்பு, வங்கிக் கடன், கறவை மாடு, மாவு அரவை மிஷின் என்று எல்லாவற்றைப் பற்றியும் மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். "நீ எதையாவது தேடித் தேடிப் படிக்கிறவ, வரலாறு ஒண்ணு எழுதிக் குடு" என்று செயலாளர் அக்கா என்னிடம் சொன்னார்கள். கூட்டமைப்பு வரலாறு எழுதுவேன் என்றுதான் நினைத்திருப்பார்கள். அதுவும் கொஞ்சம் வரும். ஆனால் நான் எடுத்துக்கொண்டது மனசுக்கு வைத்தியம் எப்படி வந்தது என்கிற வரலாறு. இருபது வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். யார் வீட்டில் எத்தனை ஆடு, எந்த வங்கியில் எவ்வளவு பாக்கி என்று கேட்டால் நோட்டைப் பார்க்காமலே சொல்லிவிடுவேன். எந்த அக்கா ராத்திரி தூங்காமல் உட்கார்ந்திருக்கிறாள் என்பதற்கு மட்டும் நம்மிடம் நோட்டே கிடையாது.

"கீழ்ப்பாக்கம்" என்கிற வார்த்தையிலிருந்து தொடங்குகிறேன். சென்னையைக் கண்ணால் பார்க்காதவர்களுக்கும் இந்த ஊர் பெயர் தெரியும். "கீழ்ப்பாக்கம் கேஸு", "கீழ்ப்பாக்கத்துல இருந்து தப்பிச்சு வந்துட்டியா" என்று சினிமாவில் சிரிப்பு மூட்டுவார்கள். தர்மபுரி பக்கம் மாடு மேய்க்கிற பையன்கூட சண்டை வந்தால் இதைச் சொல்லித்தான் திட்டுவான். ஓர் ஆஸ்பத்திரி இருக்கிற ஊர் பெயர் எப்படி வசவுச் சொல்லாக ஆனது? அதைத் தெரிந்துகொண்டால், நம் அக்காமார்கள் ஏன் மனசு சரியில்லை என்று வாய் திறந்து சொல்ல மாட்டேன் என்கிறார்கள் என்பது பாதி புரிந்துவிடும்.

கும்பினிக்காரன் காலத்தில், 1794-ல், வாலன்டைன் கனோலி என்கிற ஆங்கிலேய டாக்டர் சென்னையில் மனநோயாளிகளுக்கென்று ஓர் இல்லம் தொடங்கினார். பிறகு அது அரசாங்கத்தின் கைக்கு வந்தது. 1871-ல் கீழ்ப்பாக்கத்தில் பெரிய தோட்டத்தில் இப்போதிருக்கிற இடத்துக்கு மாறியது. அந்தக் காலத்தில் அதை ஆஸ்பத்திரி என்று சொல்லமாட்டார்கள். ஆங்கிலத்தில் அதற்கு இருந்த பெயரைத் தமிழில் சொன்னால் "பைத்தியக்காரர் அடைக்கலம்" என்று வரும். அடைக்கலம் என்று பெயர், ஆனால் சுற்றிலும் உயரமான மதில். 1912-ல் வந்த சட்டப்படி ஒருவரை உள்ளே வைக்க மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். அதாவது காய்ச்சல்காரன் ஆஸ்பத்திரிக்குப் போவது மாதிரி நடந்து போகிற இடமாக அது இருக்கவில்லை. போலீஸ், கோர்ட்டு, மதில், பூட்டு. இதெல்லாம் சேர்ந்தால் ஜனங்களுக்கு ஜெயில் ஞாபகம்தான் வரும். 1920-களில் "மனநல மருத்துவமனை" என்று பெயரை மாற்றினார்கள். மதில் அப்படியே இருந்தது, பயமும் அப்படியே இருந்தது.

கொண்டுவந்து விட்டுவிட்டுப் போன குடும்பங்கள் பல திரும்பி வரவே இல்லை. வைத்தியம் என்று பெரிதாக ஒன்றும் இல்லாத காலம். 1952-ல் பாரிஸில்தான் முதன்முதலாக மனநோய்க்கு ஒரு மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று கண்டுபிடித்தார்கள். குளோர்புரோமசின் என்று பெயர். சில வருஷங்களில் இந்தியாவுக்கும் வந்தது. அதற்கு முன்பு கட்டி வைப்பது, அடைத்து வைப்பது, காத்திருப்பது. அவ்வளவுதான்.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தவர் டாக்டர் எம். சாரதா மேனன். 1923-ல் மங்களூரில் பிறந்தவர். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அவரைச் சொல்வார்கள். 1961-ல் கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரிக்குத் தலைமைப் பொறுப்பேற்றபோது அங்கே ஆயிரக்கணக்கில் நோயாளிகள் அடைந்து கிடந்தார்கள். 1978 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். அவர் செய்ததில் பெரிய வேலை என்று எனக்குத் தோன்றுவது புறநோயாளிப் பிரிவை வளர்த்ததுதான். அதாவது காலையில் வந்து டாக்டரைப் பார்த்து, மாத்திரை வாங்கிக்கொண்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போய் அடுப்பு பற்ற வைக்கலாம். நமக்கு இது சாதாரணமாகத் தெரியும். உள்ளே போனால் வெளியே வரமுடியாது என்று பேரெடுத்த இடத்தில் ஒரு வாசலைத் திறந்து வைத்த காரியம் அது. ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்கவில்லை. 1984-ல் சென்னையில் ஸ்கார்ஃப் என்கிற அமைப்பைத் தொடங்கினார். மனச்சிதைவு நோய் வந்தவர்களுக்கு மருந்தோடு வேலை, கைத்தொழில், குடும்பத்தாருக்கு ஆலோசனை என்று எல்லாம் சேர்த்துக் கொடுத்தார்கள். 1992-ல் பத்ம பூஷண் கொடுத்தார்கள். 2021 டிசம்பரில் 98 வயதில் காலமானார். மகளிர் தினத்துக்கு நம் கூட்டமைப்பில் ஒட்டுகிற படங்களில் இவர் படம் ஒரு வருஷமும் இருந்ததில்லை. அடுத்த வருஷமாவது ஒட்டலாம்.

இன்னொரு பக்கம் பஞ்சாபில் அமிர்தசரஸில் டாக்டர் வித்யா சாகர் 1950-களில் ஒரு காரியம் செய்தார். ஆஸ்பத்திரி வளாகத்தில் கூடாரம் அடித்து, நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கலாம் என்றார். வேலூர் சி.எம்.சி.யிலும் அதே காலத்தில் நோயாளிகூட உறவுக்காரர் ஒருவர் தங்குகிற வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். வெளிநாட்டில் நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்துத்தான் வைத்தியம் பார்த்தார்கள். நம் பக்கத்தில் அக்காவோ அம்மாவோ கூடவே இருந்தால் சீக்கிரம் தேறுகிறார்கள் என்று கண்டுகொண்டார்கள். கூட ஓர் ஆள் இருப்பதே பாதி மருந்து என்று பாட்டிமார் சொல்வதை டாக்டர்கள் செய்து பார்த்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் கிராமத்து ஜனம் அதற்கும் போகவில்லை. நம் பக்கம் மந்திரிக்கிறவர், வேப்பிலை, தாயத்து. கொஞ்சம் வசதி இருந்தால் திருச்சிக்குப் பக்கத்தில் குணசீலம் பெருமாள் கோயிலில் 48 நாள் தங்குவது. ராமநாதபுரம் பக்கம் ஏர்வாடி தர்கா. சாதி மதம் பார்க்காமல் எல்லாரும் போவார்கள். சாமி மேல் நம்பிக்கை வைத்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நானே வேண்டுதல் வைக்கிறவள்தான். ஆனால் ஏர்வாடியைச் சுற்றித் தனியார் விடுதிகள் முளைத்தன. நோயாளியைக் கொண்டுபோய் விட்டு மாதாமாதம் பணம் அனுப்பினால் போதும், சங்கிலி போட்டு வைத்திருப்பார்கள். 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலையில் அப்படி ஒரு விடுதியில் தீப்பிடித்தது. கீற்றுக் கொட்டகை. சங்கிலியில் கட்டியிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் செத்துப்போனார்கள். பெண்களும் அதில் உண்டு.

அப்போது எங்கள் வீட்டு ரேடியோவில் அந்தச் செய்தியைக் கேட்டேன். அதுவரை மனநோய் என்றால் சென்னையில் நடக்கிற ஏதோ ஒன்று என்றுதான் ஊரில் இருந்தோம். அதற்குப் பிறகு அரசாங்கம் அந்த விடுதிகளை மூடியது. 500-க்கும் மேற்பட்டவர்களை மீட்டது. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. மாவட்ட மனநலத் திட்டம் வேகம் எடுத்ததும் இதற்குப் பிறகுதான். அந்தத் திட்டத்துக்கு ஒரு முன்கதை உண்டு. கர்நாடகத்தில் பெல்லாரி மாவட்டத்தில் 1980-களில் பெங்களூர் நிம்ஹான்ஸ்காரர்கள், ஆரம்ப சுகாதார நிலைய டாக்டருக்கும் நர்ஸுக்கும் பயிற்சி கொடுத்து, மனநோய்க்கு ஊரிலேயே மாத்திரை கொடுக்க முடியுமா என்று செய்து பார்த்தார்கள். முடிந்தது. 1996-ல் மத்திய அரசு அதையே மாவட்டத் திட்டமாக ஆக்கியது. தமிழ்நாட்டில் முதலில் திருச்சிக்கு வந்தது. இன்று எல்லா மாவட்டத்திலும் இருக்கிறது. மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியில் மனநல மருத்துவர் இருக்கிறார். குறிப்பிட்ட நாட்களில் தாலுகா ஆஸ்பத்திரிக்கும் வருகிறார்கள். மாத்திரை இலவசம். இது நம் குழுக்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? போன வருஷம் பன்னிரண்டு குழுக்களில் கேட்டுப் பார்த்தேன். இரண்டு குழுவில்தான் ஒருவருக்காவது தெரிந்திருந்தது.

இப்போது நம் கதைக்கு வருகிறேன்.

தமிழ்நாட்டில் சுய உதவிக் குழு முதன்முதலில் முளைத்தது நம் தர்மபுரியில்தான். 1989-ல் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம், ஐஃபாட் என்கிற பன்னாட்டு வேளாண் நிதியத்தின் உதவியோடு தொடங்கியது. கிருஷ்ணகிரியும் சேர்ந்த பெரிய தர்மபுரி மாவட்டம் அப்போது. 2004-ல்தான் பிரிந்தது. 1997-98-ல் மகளிர் திட்டம் என்று மாநிலம் முழுக்கப் போனது. அந்தக் காலத்து மூத்த உறுப்பினர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். வேறு மாவட்டத்துக்காரர்கள் வந்து "உங்க ஊர்லதான் ஆரம்பிச்சுதாமே" என்று கேட்கும்போது நமக்கு ஒரு பெருமைதான்.

அதே தர்மபுரிக்கு அப்போது வேறு ஒரு கெட்ட பேரும் இருந்தது. பெண் சிசுக்கொலை. 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது, பிறகு நம் மாவட்டத்துக்கும் வந்தது. எத்தனையோ அதிகாரிகள், பத்திரிகைக்காரர்கள், ஆராய்ச்சி செய்கிறவர்கள் வந்து கணக்கெடுத்தார்கள். எத்தனை பிறந்தது, எத்தனை இல்லை என்று கணக்கு இருக்கிறது. குழந்தையைப் பறிகொடுத்த, அல்லது கொடுக்க வைக்கப்பட்ட தாய் அதற்குப் பிறகு முப்பது வருஷம் எப்படி வாழ்ந்தாள் என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு பாட்டி கூட்டத்துக்கு வருவார். சேமிப்பைக் கொடுத்துவிட்டு மூலையில் உட்கார்ந்து, சேலை முந்தானையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டே இருப்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார். "அது அப்படித்தான்" என்று விட்டுவிடுவார்கள். அது ஏன் அப்படி என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டார்கள்.

மனசு நோகிறதை நம் பெண்கள் மனசு என்று சொல்வதில்லை. "நெஞ்சு அடைக்குது", "தலை கிர்ருனு வருது", "கை காலு ஓயுது", "பசியே எடுக்கல", "ஒரே யோசனை". டாக்டரிடம் போனால் ஒரு சத்து ஊசி போட்டு அனுப்புவார். ரெண்டு நாள் தெம்பாக இருக்கும், மறுபடி அதே. இந்த "ஒரே யோசனை" என்கிற வார்த்தையை வைத்து ஆப்பிரிக்காவில் ஒரு பெரிய காரியமே நடந்திருக்கிறது. அதைப் படித்தபோதுதான் இந்தக் கட்டுரையை எழுதவேண்டும் என்றே எனக்குத் தோன்றியது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜிம்பாப்வே என்று ஒரு நாடு. அங்கே ஷோனா மொழியில் மனச்சோர்வுக்கு "குஃபுங்கிசிசா" என்பார்கள். அர்த்தம், அளவுக்கு மீறி யோசிப்பது. நம் "ஒரே யோசனை"யேதான். 2005-ல் அந்த நாட்டு அரசாங்கம் நகரங்களில் குடிசைகளை இடித்துத் தள்ளியது. லட்சக்கணக்கானவர்கள் வீடில்லாமல் நின்றார்கள். நாடு முழுக்கவும் மனநல மருத்துவர்கள் கை விரல்களில் எண்ணிவிடலாம். டிக்ஸன் சிபண்டா என்று ஒரு டாக்டர். அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த ஓர் இளம்பெண் தன் உயிரை முடித்துக்கொண்டாள். ஏன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வரவில்லை என்று கேட்டதற்கு, பஸ்ஸுக்குக் காசில்லை என்று அவள் தாய் சொன்னாராம். அந்த டாக்டரே இதை மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

ஆஸ்பத்திரிக்கு ஜனம் வரமுடியாது என்றால் ஆஸ்பத்திரி ஜனத்திடம் போகவேண்டும். ஆனால் அவருக்கு நர்ஸும் கிடையாது, அறையும் கிடையாது. கிடைத்தது 14 பாட்டிகள். ஹராரே நகரத்தில் எம்பாரே என்கிற ஏழைகள் பகுதியில் சுகாதாரத் தொண்டர்களாக வேலை பார்த்தவர்கள். பலருக்குப் படிப்பு அதிகம் இல்லை. 2006-ல் அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். ஆஸ்பத்திரிக்கு வெளியே மரத்தடியில் ஒரு மர பெஞ்சு. வருகிறவர்களிடம் முதலில் 14 கேள்வி. தூக்கம் வருதா, யோசனை அதிகமா, அழுகை வருதா என்கிற மாதிரி. பிறகு பாட்டி செய்வது மூன்று காரியம். மனசைத் திறக்க விடுவது, தெம்பு கொடுப்பது, பலப்படுத்துவது. பாட்டி அறிவுரை சொல்லமாட்டார். எல்லாக் கஷ்டத்தையும் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இதுல எதை முதல்ல எடுத்துக்கலாம்?" என்பார். ஒன்றே ஒன்று. அதற்கு ஒரு வழி. அடுத்த முறை வரும்போது அது என்ன ஆச்சு என்று கேட்பார். டாக்டர் முதலில் வைத்த பெயரில் "மனநலம்" என்கிற வார்த்தை இருந்தது, யாரும் வந்து உட்காரவில்லை. பாட்டிகள்தான் பெயரை மாற்றச் சொன்னார்கள். நட்பு பெஞ்சு என்று ஆனது. நம் ஊர் திண்ணை என்று வையுங்களேன்.

இது சும்மா கதையில்லை. 573 பேரை வைத்து ஆராய்ச்சி செய்து 2016-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் பத்திரிகையில் வெளியிட்டார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களைவிடப் பாட்டிகளிடம் உட்கார்ந்து பேசியவர்கள் நன்றாகத் தேறியிருந்தார்கள். எனக்கு இதைவிட ஆச்சரியம் வேறொன்று. பெஞ்சில் பேசி முடித்த பெண்கள் பிறகு குழுவாகச் சேர்கிறார்கள். வட்டமாக உட்கார்ந்து பழைய பிளாஸ்டிக்கைக் கீற்றாக வெட்டிப் பை பின்னுகிறார்கள், விற்கிறார்கள், பின்னிக்கொண்டே பேசுகிறார்கள். அங்கே மனசுக்கு வைத்தியம் பார்க்கப்போய் சுய உதவிக் குழுவில் வந்து நின்றிருக்கிறது. நமக்குக் குழு முப்பத்தைந்து வருஷமாக இருக்கிறது. பேச்சுதான் வட்டியோடு நின்றுவிடுகிறது.

ஆப்பிரிக்கா வரைக்கும் போகவேண்டியதில்லை. மகாராஷ்டிராவில் நாசிக் மாவட்டம் பேட் வட்டாரத்தில் 41 கிராமங்களில் 2013 வாக்கில் "ஆத்மீயதா" என்று ஒரு திட்டம் நடந்தது. சுய உதவிக் குழுப் பெண்களிலிருந்தும் விவசாயிகள் சங்கத்திலிருந்தும் ஆட்களைத் தேர்ந்தெடுத்து, காது கொடுத்துக் கேட்பதற்கும், முதியோர் உதவித்தொகை, ரேஷன், ஆஸ்பத்திரி என்று வழி காட்டுவதற்கும் பயிற்சி கொடுத்தார்கள். பிறகு குஜராத்தில் மெஹசானா மாவட்டத்துக்கும் போனது. சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் சிநேகா என்கிற தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கினார். அங்கே போனில் கேட்பவர்கள் பயிற்சி பெற்ற தொண்டர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தில், பிள்ளையை, புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவர்கள் வீட்டுக்கு இந்தத் தொண்டர்கள் போய் உட்கார்ந்தார்கள். என்ன சொல்லித் தேற்றுவது? ஒன்றும் இல்லை. போய் உட்கார்ந்தார்கள், மறுபடி போனார்கள்.

சட்டத்திலும் ஒரு மாற்றம் வந்திருக்கிறது, இது எல்லாருக்கும் தெரியவேண்டும். பழைய தண்டனைச் சட்டத்தில் 309-ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. உயிரை மாய்க்க முயன்றவர் பிழைத்துக்கொண்டால் ஒரு வருஷம்வரை சிறை. அதனால் ஊரில் என்ன நடந்தது? பிழைத்தவளை "கால் தவறி விழுந்துட்டா", "மருந்து மாத்திக் குடிச்சுட்டா" என்று பொய் சொல்லிச் சேர்ப்பார்கள். உடம்புக்கு வைத்தியம் நடக்கும், மனசைத் தொடாமலே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். 2017-ல் வந்து 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், அப்படி முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே எடுத்துக்கொள்ளவேண்டும், அரசாங்கம் அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தரவேண்டும் என்கிறது. சங்கிலி போடுவதையும் அதே சட்டம் தடை செய்கிறது. அதனால் இனிமேல் டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள்.

இனி கொஞ்சம் கசப்பான விஷயம். மலரில் இதைப் போடலாமா என்று கேட்டார்கள். போடத்தான் வேண்டும் என்றேன்.

குழுதான் பெண்களைத் தூக்கி நிறுத்தியது, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் குழுவும் ஒரு பெண்ணின் கழுத்தை இறுக்கலாம். நம் வட்டாரத்தில் ஓர் ஊர். ஆறு வருஷம் இருக்கும். புருஷன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவன், மூன்று மாதமாகப் பணம் அனுப்பவில்லை. அந்தப் பெண் குழுக்கடன் போக, ஒரு தனியார் நிதி நிறுவனத்திலும் வாரக்கடன் வாங்கியிருந்தாள். வசூலுக்கு வந்தவன் அவளை விட்டுவிட்டு, கூடக் கையெழுத்துப் போட்ட மற்ற பெண்களை உட்கார வைத்துவிட்டான். "அவ கட்டற வரைக்கும் நீங்க யாரும் வீட்டுக்குப் போக முடியாது." அந்தப் பெண்கள் எழுந்து போய் அவள் வாசலில் நின்றார்கள். சொந்த அக்கா தங்கை மாதிரி இருந்தவர்கள், ஊர் கேட்கப் பேசினார்கள். பத்து நாளில் அவள் இல்லை. இரண்டு பெண் பிள்ளைகள், இப்போது பாட்டி வீட்டில் இருக்கிறார்கள்.

அதற்கு முன்பு அவள் தொடர்ச்சியாக நான்கு கூட்டத்துக்கு வரவில்லை. அவள் குழுவின் வருகைப் பதிவேட்டை நான் பிறகு எடுத்துப் பார்த்தேன். நான்கு கட்டத்திலும் சிவப்பு மையில் சுழித்து, ஓரத்தில் "அபராதம் ரூ.10" என்று எழுதியிருக்கிறது. வராவிட்டால் அபராதம் என்பது குழு தொடங்கிய நாளிலிருந்து நம் எல்லாரிடமும் உள்ள விதி. அந்தக் காலத்தில் அது தேவையாக இருந்தது. கூட்டத்துக்குப் போகவிடாமல் மாமியாரும் புருஷனும் தடுத்த காலம். "அபராதம் கட்டணும்" என்று சொன்னால்தான் வெளியே விடுவார்கள். நல்ல காரணத்துக்காக வந்த விதிதான். ஆனால் சிவப்புச் சுழியை இன்னொரு விதமாகவும் படிக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதைப் படித்த குழு ஒன்றும் நம் கூட்டமைப்பில் உண்டு. பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். ஓர் உறுப்பினர், பிரசவமாகி ஐந்து மாதம். குழந்தையைத் தூக்குவதில்லை, குளிப்பதில்லை, கூட்டத்துக்கு வருவதில்லை. "சோம்பேறி" என்று மாமியார் சொன்னாள். மூன்றாவது கூட்டத்துக்கு அவள் வராதபோது, அந்தக் குழுவின் மூத்த அக்கா அபராதம் எழுதவில்லை. நேராக வீட்டுக்குப் போனார். ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாத்திரம் தேய்த்துக் கொடுத்தார். போகும்போது, "உனக்குச் செத்துப் போயிடலாம்னு தோணுதாம்மா?" என்று நேராகவே கேட்டார். நாம் இப்படிக் கேட்கப் பயப்படுவோம், கேட்டால் இல்லாத எண்ணத்தை எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடுமோ என்று. அப்படி ஆகாது, கேட்டால் பாரம் இறங்கும் என்றுதான் டாக்டர்கள் சொல்கிறார்கள். அந்தப் பெண் "ஆமாம்" என்றாள். அழுதாள்.

பிள்ளை பெற்ற பிறகு வருகிற மனச்சோர்வு அது. மறுநாளே அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். மாத்திரை வேலை செய்ய மூன்று நான்கு வாரம் ஆனது. நடுவில் "ஒண்ணும் கேக்கல" என்று நிறுத்தப் பார்த்தாள். அக்கா விடவில்லை. அந்த ஒரு மாதமும் குழுவில் முறை போட்டுக்கொண்டு ஆள் மாற்றி ஆள் போனார்கள். தவணையை இரண்டு மாதம் தள்ளி வைத்துத் தீர்மானம் போட்டார்கள். இப்போது அவள் வருகிறாள். இன்னமும் சில மாதம் சரியாக இருக்கமாட்டாள், அதுவும் உண்மை. மாமியாருக்கு இன்னும் அது நோய் என்று ஒத்துக்கொள்ள மனமில்லை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். திண்ணைப் பேச்சு எல்லாவற்றையும் தீர்க்காது. காதில் யாரோ பேசுகிறார்கள், சோற்றில் விஷம் வைக்கிறார்கள் என்று ஒருவர் சொன்னால் அதற்கு டாக்டரும் மருந்தும்தான் வேண்டும். ரெண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, வேலை எல்லாம் கெட்டிருந்தாலும் அப்படித்தான். நல்லாயிடுச்சு என்று மாத்திரையைத் தானாக நிறுத்தக்கூடாது. புருஷன் அடிக்கிறான் என்றால் அதற்கு மனநல மாத்திரை மருந்தாகாது. 181-க்குக் கூப்பிடவேண்டும், மாவட்டத்தில் சகி மையம் இருக்கிறது. மனசு தாங்கவில்லை என்றால் இரவு பகல் எந்நேரமும் 14416. 2022 அக்டோபரில் வந்தது, தமிழ்நாட்டில் இதற்கு "நட்புடன் உங்களோடு" என்று பெயர். தமிழில் பேசலாம், காசு கிடையாது. 104-லும் பேசலாம்.

மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாக பிரஷர், சுகர் மாத்திரை கொண்டுபோகிற தன்னார்வலர்கள் நம் குழுப் பெண்கள்தான். 2021-லிருந்து போகிறார்கள். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். அவர்களில் மூன்று பேரிடம் பேசினேன். "சுகர் பாக்கும்போதே தூக்கம் வருதான்னும் கேட்டுருவோம்க்கா, அதுக்கென்ன" என்றார்கள்.

வருகிற பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் வைத்திருக்கிறேன். ஓர் உறுப்பினர் தொடர்ந்து மூன்று கூட்டம் வராவிட்டால் அபராதம் எழுதுவதற்கு முன்பு இரண்டு பேர் அவர் வீட்டுக்குப் போய்வரவேண்டும். போனவர்கள் கடனைப் பற்றிப் பேசக்கூடாது. போய்வந்ததை மட்டும் பதிவேட்டில் எழுதவேண்டும், அங்கே பேசினதை எழுதக்கூடாது. மனநல மருத்துவர் நம் தாலுகாவுக்கு வருகிற கிழமையைத் தீர்மான நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவைக்கவேண்டும். இரண்டு ஊர்ப் பிரதிநிதிகள் எதிர்க்கிறார்கள். "அபராதத்தைத் தளர்த்தினா யாரும் கூட்டத்துக்கு வரமாட்டாங்க" என்பது ஒன்று. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற பஸ் செலவை யார் தருவது என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பொதுக்குழுவிலேயே பேசிக்கொள்ளலாம். இரண்டாவது கேள்வி நியாயமானது. ஜிம்பாப்வேயில் ஓர் உயிர் போனதே அந்தக் காசில்தான். சிவப்புச் சுழியில் இதுவரை சேர்ந்த அபராதப் பணம் ஒவ்வொரு குழுவிலும் தனிக் கணக்காக இருக்கிறது. எங்கள் ஊராட்சியில் மட்டும் கூட்டிப் பார்த்தேன், ரூ.11,460. பஸ்ஸுக்கு அது போதும்.